எக்கரும் அடும்பும்: தமிழகக் கடற்கரை மணற்புல்வெளிகளும் சமூகப் பேணலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரையின் மணல்மேடுகளில் இயல்பாக வளரும் புற்களும் பூங்கொடிகளும் சங்க இலக்கியத்தில் நுட்பமாகப் பதிவாகியுள்ளன. எனினும், இன்றைய நில ஆவணங்களில் அந்நிலம் தரிசாகவும் புறம்போக்காகவும் வகைப்படுத்தப்படுகின்றது. இம்முரண்பாட்டினால் கடற்கரைத் தாவரங்களுக்கு நேர்ந்துள்ள இழப்பையும், கரைவாழ் சமூகங்கள் அவற்றைப் பேணுவதற்குரிய அறிவு, விதி, உரிமை ஆகிய மூன்றின் நிலையையும் இக்கட்டுரை விளக்குகின்றது. பாலாற்றின் முகத்துவாரமும், அதற்கு மேலே தோல் தொழில் நடைபெறும் மேல்விஷாரம் உள்ளிட்ட ஆற்றங்கரை ஊர்களும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஸ்காட்லாந்து, நியூசிலாந்து நாடுகளின் நடைமுறைகள் ஒப்பீட்டிற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எக்கர், அடும்பு, இராவணன் மீசை, புறம்போக்கு, சமூகப் பேணல், பாலாறு

முன்னுரை

நெய்தல் திணை பற்றிய ஆய்வுகள் இரங்கல் என்னும் உரிப்பொருளிலும், பரதவர் வாழ்வியலிலும், துறைமுக வணிகத்திலும் மிகுதியாகக் கவனம் செலுத்தியுள்ளன. நெய்தலின் கருப்பொருளாகிய புல், பூ, கொடி ஆகியவை பெரும்பாலும் உவமைப் பொருளாகவும் பின்னணியாகவுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. அவை இன்றும் கடற்கரையில் வளர்கின்றன என்பதும், மணலைப் பிடித்து நிறுத்தும் பணியைச் செய்கின்றன என்பதும் இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் அரிதாகவே வருகின்றன.

தமிழகக் கடற்கரை சுமார் 1,076 கிலோமீட்டர் நீளமுடையது எனக் குறிக்கப்படுகின்றது. இதன் கணிசமான பகுதி மணற்பாங்கானது. இம்மணற்பரப்பின் மீது படரும் தாழ்ந்த புல்வெளியே கடற்கரையின் முதல் தாவர அரண். மரங்கள் அடர்ந்த காட்டைப் போல இது கண்ணைக் கவர்வதில்லை. ஆகவே இதன் இழப்பும் எளிதில் கவனத்திற்கு வருவதில்லை. இந்நிலத்தை யார் பேண வேண்டும், எந்த அறிவைக் கொண்டு பேண வேண்டும், எந்த உரிமையின் பேரில் பேண வேண்டும் என்னும் மூன்று வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

எக்கரும் அதன் தாவரங்களும்

சங்க இலக்கியம் கடற்கரை நிலத்தைப் பகுத்துக் காண்பதற்குத் தனித்தனிச் சொற்களைக் கையாள்கின்றது. அலையும் காற்றும் கொணர்ந்து குவித்த மணல் எக்கர் எனப்படும். நீண்டு கிடக்கும் மணல் முகடு மணற்கோடு எனப்படும். கரைச்சோலை கானல் என்றும், உப்பு நீர் புகுந்து தேங்கும் பகுதி கழி என்றும் வழங்கப்பட்டன. ஒரே கடற்கரையின் வெவ்வேறு நிலக்கூறுகளுக்கு வெவ்வேறு சொற்கள் வழங்கியமை, அந்நிலத்தோடு நெருங்கி வாழ்ந்தோரின் பார்வையைக் காட்டுகின்றது.

எக்கர்த் தாவரங்களுள் முதன்மையானது அடும்பு. இன்று அடம்பு, அடப்பங்கொடி எனப் பேச்சு வழக்கில் வழங்குவதும், தாவரவியலார் ஐப்போமியா பெஸ்-கேப்ரே எனப் பெயரிட்டிருப்பதும் இக்கொடியையே. குறுந்தொகையின் 243ஆம் பாடல் இதன் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கும், பூவைக் குதிரை மாலையின் மணிக்கும் ஒப்பிடுகின்றது. அப்பூவைப் பறித்து மகளிர் விளையாடும் காட்சியும் அதில் இடம்பெறுகின்றது. 1753இல் லின்னேயசு இக்கொடிக்கு இட்ட இலத்தீன் சிறப்புப் பெயரின் பொருள் ‘ஆட்டின் அடி’ என்பதாகும். இலையின் ஒரே பண்பைத் தமிழ்ப் புலவர் மானோடும் ஐரோப்பியத் தாவரவியலார் ஆட்டோடும் பொருத்திக் கண்டுள்ளனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களிலும் அடும்பு இடம்பெறுகின்றது.

இதனினும் நுட்பமான பதிவு உலோச்சனார் பாடிய குறுந்தொகை 248ஆம் பாடலில் உள்ளது. கோடைக்காற்று மணலைக் கொண்டு வந்து குவிக்க, அடும்பு படர்ந்த மணல் முகடு நகர்ந்து சென்று பனையின் அடிமரத்தை மூட, நெடிய பனைகள் குட்டையாகத் தோன்றும் துறை என்பது அப்பாடல் தரும் காட்சி. மணல்மேடு நிலையான பொருளன்று, காற்றின் போக்கிற்கேற்ப நகர்வது, மரங்களைப் புதைப்பது, அதன் மீது கொடி படர்ந்தே இருப்பது ஆகிய உண்மைகள் இதில் அடங்கியுள்ளன. இன்றைய கடற்கரை நிலவியல் மணல்மேட்டு நகர்வு என விளக்கும் நிகழ்வை இப்பாடல் நேரிற்கண்டு பதிவு செய்துள்ளது எனலாம்.

அடும்போடு சேர்ந்து வளரும் முதன்மையான புல் இராவணன் மீசை. விறைத்த, கூரிய இலைகளைக் கொண்ட இப்புல் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் எனத் தாவரவியலில் அறியப்படுகின்றது. இதன் முட்பந்து போன்ற விதைக்கொத்து முற்றியதும் காம்பிலிருந்து விடுபட்டுக் காற்றில் உருண்டோடி, மணலில் தங்கும் இடத்தில் முளைக்கின்றது. கோரை இனங்களும், நெருஞ்சியும், கடற்கரை அவரைக் கொடிகளும் இவற்றோடு கலந்து வளர்கின்றன. கழியோரச் சேற்று நிலத்தில் உமரி வளர்கின்றது.

இத்தாவரங்களின் செயல்முறை எளிமையானது. கரையில் காற்று அடித்து வரும் மணல் புல்லின் தூரில் மோதி வேகம் குறைந்து படிகின்றது. படிந்த மணல் புல்லை மூடுகின்றது. மூடப்பட்ட புல்லும் கொடியும் கணுக்களில் புதிய வேர் விட்டு மேலெழுகின்றன. எழுந்த தாவரம் மேலும் மணலைப் பிடிக்கின்றது. இவ்வாறு புல் வளர வளர மேடு உயர்கின்றது. மழைநீர் இம்மேட்டின் வழியே இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் நன்னீர்ப் படலமாகத் தங்குகின்றது. கடலுக்கு மிக அருகில் உள்ள மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது இதனாலேயே. ஆகவே மணல்மேடு என்பது மணலும் தாவரமும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பாகும். தாவரத்தை நீக்கினால் எஞ்சுவது காற்றில் கலையும் மணற்குவியலே.

தரிசு என்னும் வகைப்பாடு

இத்தகைய நிலம் அரசு ஆவணங்களில் எவ்வாறு பதிவாகின்றது என்பது அடுத்த வினா. ஒன்றிய அரசின் நிலவளத் துறை வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு, கடற்கரை மணற்பரப்பையும் ஆற்று மணற்பரப்பையும் தரிசு நில வகைகளாகக் கணக்கிட்டது. வருவாய்த்துறைப் பதிவுகளில் இவை புறம்போக்கு என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. வரி விதிப்பிற்குப் புறம்பாக வைக்கப்பட்ட பொதுநிலம் என்பதே புறம்போக்கு என்னும் சொல்லின் தொடக்கப் பொருள். காலப்போக்கில் அச்சொல் பயனற்றது, இழிந்தது என்னும் பொருளைப் பெற்றது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவை முன்வைத்து டி. எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் இச்சொல்லின் பொருள் இழிபை மாற்ற முயன்றது.

பயனற்றது எனப் பெயரிடப்பட்ட நிலத்தைப் பயனுடையதாக்க முற்படுவது இயல்பு. 19ஆம் நூற்றாண்டில் எரிபொருள் தேவையை முன்னிட்டுச் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு பரவலாக நடப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், உலக வங்கியின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட மறுசீரமைப்புத் திட்டத்தில் கடலோரக் காப்பு அரண் என்னும் பெயரில் சவுக்கு மேலும் நடப்பட்டது. சில இடங்களில் இந்நடவு, இயல்பான தாவரம் வளர்ந்திருந்த மணல்மேடுகளின் மீதே நிகழ்ந்தது. சவுக்கின் நிழலும் உதிர்ந்த ஊசியிலைப் படுகையும் வெயிலை நாடும் புல்லையும் அடும்பையும் ஒடுக்குகின்றன. நீர்மட்டக் கோட்டிற்கு மிக அருகில் நடப்பட்ட சவுக்கு, பங்குனி ஆமைகள் முட்டையிடுவதற்குரிய திறந்த மணற்பரப்பைக் குறைக்கின்றது.

மரங்கள் ஆழிப்பேரலையைத் தடுத்தனவா என்பது குறித்து அறிவியலாளரிடையே நிகழ்ந்த விவாதம் இங்கு நினைவுகூரத்தக்கது. 2005இல் வெளிவந்த ஆய்வுகள், கடலூர் மாவட்டக் கடற்கரையில் மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைந்திருந்ததாகக் கூறின. அவ்வாய்வுகளுள் ஒன்றான பரங்கிப்பேட்டைப் பகுதிச் சிற்றூர்கள் பற்றிய தரவுகளை 2006இல் மீளாய்வு செய்தோர், கடலிலிருந்து ஊர் அமைந்திருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே வேறுபாட்டைப் பெரிதும் விளக்குகின்றன என வாதிட்டனர். இவ்விவாதம் முழுமையாக முடிவுற்றது எனக் கூற இயலாது. எனினும் உயரம் முக்கியமானது எனில், அவ்வுயரத்தைக் கட்டியெழுப்பும் தாவரமும் முக்கியமானதே. மணற்கரையில் அப்பணியைச் செய்வது புல்லும் கொடியுமாகும். அவற்றை அகற்றி மரம் நடுவது, அரணை உருவாக்கும் பணியாளரை நீக்கிவிட்டு அரண் கட்ட முயல்வதற்கு ஒப்பாகும்.

கோடியக்கரை இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 1967இல் வெளிமான்களைக் காப்பதற்காக அங்கு வனவிலங்குப் புகலிடம் அமைக்கப்பட்டது. 2002இல் அப்பகுதி ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வெளிமானின் வாழ்விடம் மரமற்ற கடலோரப் புல்வெளி. அங்குப் பரவிய சீமைக்கருவேலம் புல்வெளியைச் சுருக்கியது. கால்நடைகளும் விலங்குகளும் அதன் காய்களைத் தின்று விதைகளைப் பரப்பின. வேட்டையையும் மேய்ச்சலையும் தடுப்பதால் மட்டும் புல்வெளி காக்கப்படுவதில்லை என்பதும், அயல் தாவரத்தைத் தொடர்ந்து களையும் மனித உழைப்பு அதற்குத் தேவை என்பதும் இதனால் தெளிவாகின்றன.

பேணலின் மூன்று கூறுகள்

சமூகப் பேணல் என்பது ஒரு நிலத்தை நம்பி வாழும் மக்கள் அதன் வளம் குன்றாமல் பயன்படுத்துவதற்கு ஏற்கும் கூட்டுப் பொறுப்பாகும். அது மூன்று கூறுகளால் ஆனது: நிலத்தை அறிந்த அறிவு, பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் விதி, பிறர் அழிக்க முற்படும்போது தடுப்பதற்குரிய உரிமை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேணல் நிலைக்காது.

சோழமண்டலக் கரையில் முதலிரு கூறுகளும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் கரையின் பயன்பாட்டையும் மீன்பிடி முறைகளையும் ஒழுங்குபடுத்தி வந்துள்ளமையை மார்டன் பாவிங்க் 2001இல் வெளியிட்ட சோழமண்டலக் கரை மீன்வளம் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இத்தகைய கூட்டு ஒழுங்கிற்கு அறியப்பட்ட சான்றாகும். படகு நிறுத்துதல், வலை உலர்த்துதல், கருவாடு காயவைத்தல், கரைவலை இழுத்தல் ஆகியவற்றிற்குத் திறந்த கரை தேவை. ஆதலின் கரையைக் கட்டடமின்றி வைத்திருப்பது மீனவரின் தொழில் நலனோடு இணைந்தது. மணல்மேட்டுத் தாவரம் தப்பிப் பிழைப்பதற்கு இத்தொழில் நலனே பல இடங்களில் மறைமுகக் காரணமாக அமைந்தது.

மூன்றாம் கூறாகிய உரிமையே இங்கு வலுவற்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலத்தில் வாழ்வோரின் சமூக உரிமையை ஏற்கின்றது. வனமாக வகைப்படுத்தப்படாத மணற்கரையில் வாழும் மீனவருக்கு அதற்கு நிகரான சட்டம் இல்லை. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையும் மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த முதல் மண்டலத்தில் சேர்த்துள்ளன. இது பெரிய பாதுகாப்பே. ஆனால் இப்பாதுகாப்பு வரைபடத்தை நம்பியுள்ளது. வரைபடத்தில் குறிக்கப்படாத மேடு சட்டத்தின் பார்வையில் மேடாகாது. தங்கள் பொதுப் பயன்பாட்டு இடங்கள் கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் விடுபட்டுள்ளன எனத் தமிழக மீனவர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளன.

அயல்நாட்டு ஒப்பீடு

உரிமை உறுதிப்படும்போது பேணல் எவ்வாறு அமையும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் மேற்குக்கரைத் தீவுகள் சான்றாகின்றன. சிப்பி மணல் படிந்த தாழ்ந்த கடலோரப் புல்வெளி அங்கு மாகர் எனக் கேலிக் மொழியில் வழங்கப்படுகின்றது. உலகில் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மட்டுமே காணப்படும் இப்புல்வெளி கோடைக்காலத்தில் காட்டுப்பூக்களால் நிறைகின்றது. சிறுகுத்தகை உழவர் கடற்பாசியை எருவாக இட்டு, ஓரிரு ஆண்டுகள் தானியம் விளைவித்து, பின்னர் நிலத்தைத் தரிசு விடுகின்றனர். பூக்கள் மலரும் பருவத்தில் கால்நடைகளை வேறிடம் ஓட்டிச் செல்கின்றனர். இவ்வுழைப்பு நின்ற இடங்களில் பூக்களின் வகையும் குறைகின்றது. 1886ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுழவரின் குத்தகை உரிமையை உறுதி செய்தது. 2006இல் தெற்கு யுயிஸ்ட் தீவின் நிலவுடைமையை அவ்வூர்ச் சமூகமே விலைக்கு வாங்கியது.

நியூசிலாந்து நமக்கு மேலும் நெருங்கிய ஒப்பீட்டைத் தருகின்றது. அங்குள்ள மணல்மேடுகளின் இயல்பான புல், நம் இராவணன் மீசையின் பேரினத்தையே சேர்ந்தது. அதனோடு வளரும் பீங்காவோ என்னும் பொன்னிறக் கோரையை மவோரி மக்கள் முடைவதற்குப் பயன்படுத்துகின்றனர். மணலைக் கட்டுப்படுத்துவதற்காக ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட மாரம் புல் இவ்விரண்டையும் பல கரைகளில் ஒதுக்கியது. சவுக்கு இங்குச் செய்ததை மாரம் அங்குச் செய்தது எனலாம். 1990களிலிருந்து பே ஆஃப் பிளென்டி வட்டாரத்தில் உள்ளூர் மக்களும் வட்டார மன்றமும் இணைந்து இயல்பான புற்களை மீண்டும் நட்டு மேடுகளை மீட்டு வருகின்றனர். முடைதல் என்னும் கைவினை தொடர்வதற்குக் கோரை தேவைப்பட்டதால், பண்பாட்டுத் தேவையும் சூழல் தேவையும் ஒரே பணியில் இணைந்தன.

பாலாறு: மேட்டிற்கு மணல் தரும் வழி

கடற்கரையில் மட்டும் பேணல் நிகழ்ந்தால் போதுமா என்னும் வினாவிற்குப் பாலாறு விடை தருகின்றது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் கடந்து, தமிழகத்தில் சுமார் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளைக் கடந்து கல்பாக்கத்தை அடுத்த வாயலூர் அருகே கடலில் கலக்கின்றது. இராசசிம்மப் பல்லவனின் தூண் கல்வெட்டால் அறியப்படும் வாயலூரின் கரைமணலில் ஒரு பகுதி, இவ்வூர்களின் வழியே ஆற்று வெள்ளம் கொண்டு சேர்த்ததே. கரையோர நீரோட்டம் அம்மணலை வாங்கிக் கரை நெடுகப் பரப்புகின்றது.

இவ்வரவு இன்று குறைந்துவிட்டது. வாலாஜாபேட்டையை அடுத்து 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டு முதல் அண்மைக்காலத் தடுப்பணைகள் வரை நீரோடு மணலையும் தடுக்கின்றன. ஆற்றில் மணல் அள்ளப்பட்டமை அதனினும் பெரிய இழப்பு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவ்வாறு, 1903 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருவெள்ளம் கண்டது. அத்தகைய வெள்ளங்களே மணலைக் கடல் வரை நகர்த்துகின்றன. ஆற்றில் மணல் இல்லையெனில் வெள்ளம் வந்தாலும் எக்கருக்கு உணவு இல்லை.

ஆற்றங்கரையின் நாணலும் கோரையும் கடற்கரையின் இராவணன் மீசைக்கு நிகரான பணியைச் செய்பவை. வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் மண்ணும் நிலத்தடி நீரும் உப்பேறியமை நன்கு அறியப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுக் கணக்கைப் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு நிறுவியது. 2025 ஜனவரி 30ஆம் நாள் அந்நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பு, பாலாற்று மாசு தொடர்பான இழப்பீட்டையும் மீட்பையும் தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்தது.

இவ்வழக்கு சமூகப் பேணலுக்கு இரு பாடங்களைத் தருகின்றது. முதலாவது, குடிமக்கள் அமைப்பு ஒன்று எழுப்பிய குரல் நாடு முழுமைக்குமான சட்டக் கொள்கையாக மாறியது. இரண்டாவது, 1996இல் வந்த தீர்ப்பின் பயன் 2025இலும் தேடப்பட வேண்டியிருந்தது. உரிமை நீதிமன்றத்தில் கிடைத்தாலும், நிலத்தை அன்றாடம் கவனிக்கும் உள்ளூர் அமைப்பு இல்லையெனில் மீட்பு காலந்தாழ்கின்றது. தோல் தொழிலையே வாழ்வாதாரமாகக் கொண்ட மேல்விஷாரம் போன்ற ஊர்களில் இப்பொறுப்பு எளிதன்று. கூலி தரும் தொழிலும் நீர் தரும் ஆறும் ஒரே குடும்பத்தின் தேவைகள். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் செம்மையாக இயக்குவதும், ஆற்றங்கரைப் புறம்போக்கைத் தாவரங்களுடன் காப்பதும் ஒன்றுக்கொன்று மாற்றன்று, இரண்டும் வேண்டுவன.

இருக்கும் சட்டமும் தமிழாய்வின் பங்கும்

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்கவும் இடமளிக்கின்றது. அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை அறிவிக்க வழிசெய்கின்றது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்தபோது, அவ்வறிவிப்பு அவர்களின் வாதத்திற்கு வலுச் சேர்த்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. கடற்கரை மணல்மேடுகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2011 ஜனவரி 28ஆம் நாள் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு இட்ட ஆணையும் துணையாகின்றது.

பல்லுயிர்ப் பதிவேட்டின் தொடக்கம் பெயர். ஒரு செடிக்கு ஊரார் வழங்கும் பெயரும், அதன் பயனும், வளரும் இடமும், பூக்கும் பருவமும் பதிவாக வேண்டும். இங்குத் தமிழாய்வாளருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளம் காண்பதில் கருத்து வேறுபாடுகள் நீடிக்கின்றன. ஞாழல் அதற்கு எடுத்துக்காட்டு. கடற்கரை ஊர்களில் இன்றும் வழங்கும் பெயர்களைத் தொகுத்தால், இலக்கியச் சொல்லுக்கும் நிலத்துத் தாவரத்திற்கும் இடையிலான தொடர்பை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ சான்று கிட்டும். அத்தொகுப்பே பதிவேட்டின் உள்ளடக்கமாகவும், வரைபடத்தில் விடுபட்ட மேட்டைக் குறிப்பிடும் ஆவணமாகவும் பயன்படும். தாவரவியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து இயங்கும் கல்லூரிகளில் இதனை மாணவர் களப்பணியாக மேற்கொள்ள இயலும்.

முடிவுரை

தமிழகக் கடற்கரையின் மணற்புல்வெளி சங்க காலம் தொட்டு அறியப்பட்டு, பெயரிடப்பட்டு, அவதானிக்கப்பட்ட நிலமாகும். தரிசு என்னும் ஆவண வகைப்பாடு அவ்வறிவை மறைத்துள்ளது. மணல்மேட்டின் உயரத்தை உருவாக்குவது புல்லும் அடும்பும் என்பதால், அவற்றின் இழப்பு கரைவாழ் மக்களின் பாதுகாப்பையும் குடிநீரையும் பாதிக்கின்றது. கரைச் சமூகங்களிடம் அறிவும் விதியும் எஞ்சியுள்ளன. உரிமை போதிய அளவில் இல்லை. ஸ்காட்லாந்தும் நியூசிலாந்தும், உரிமையும் உள்ளூர் அமைப்பும் வாய்த்தால் பேணல் நிலைபெறும் எனக் காட்டுகின்றன. ஆற்று மணல் இன்றிக் கடற்கரை மேடு இல்லை என்பதால், வாயலூரின் எக்கரைக் காப்பது மேல்விஷாரத்தின் ஆற்றங்கரையைக் காப்பதோடு தொடர்புடையது. பல்லுயிர்ப் பதிவேடு என்னும் சட்ட வழியைப் பயன்படுத்தி, ஆற்றங்கரை முதல் கழிமுகம் வரை ஊர்தோறும் தாவரப் பெயர்களையும் பொதுநில எல்லைகளையும் பதிவு செய்வதே உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.